குமட்டத் தெரிந்தவள்

தெய்வானைக்குக் குமட்டினால்தான் அந்தப் பண்ணையில் சம்பளம். சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். காலையில் அவள் போய் உட்கார்ந்ததும் ஒவ்வொரு ஷெட்டிலிருந்தும் ஒரு தட்டுப் புழுவும் ஒரு கிண்ணம் மாவும் கொண்டுவந்து அவள் முன்னால் வைப்பார்கள். அவள் குனிந்து மோந்து பார்ப்பாள். வயிறு சும்மா இருந்தால் சரக்கு லாரி ஏறும். அடிவயிற்றிலிருந்து ஓர் ஓங்கரிப்பு கிளம்பித் தொண்டைக்கு வந்தால் அந்த ஷெட்டுச் சரக்கு மொத்தமும் உரத்துக்குப் போகும். அந்தச் சுற்றுவட்டாரத்தில் வேறு யாராலும் இந்த வேலையைச் செய்ய முடியாது. வேறு யாருக்கும் குமட்டுவதே இல்லை.

அது எப்படி என்று கேட்பீர்கள். நாமக்கல் பக்கம் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டின தூரம் கோழிப்பண்ணைதான். பிறகு அந்தக் காய்ச்சல் வந்தது. ஒரே கோடையில் பண்ணை பண்ணையாகக் கோழிகள் சாய்ந்தன. சாகாததையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் சாக்கில் கட்டி, பண்ணைக்குப் பின்னால் குழி வெட்டி, சுண்ணாம்பைக் கொட்டி மூடினார்கள். ஷெட்டுகள் வெறிச்சோடிக் கிடந்தபோதுதான் மாவுப்புழு வந்தது. சுண்டுவிரலில் பாதி நீளம், தவிட்டு நிறம். தவிட்டிலேயே பிறந்து, தவிட்டையே தின்று, கூட்டுப்புழுவாகி, கடைசியில் கறுப்பு வண்டாகி முட்டை போடும். ஈரத்துக்கு ரெண்டு கேரட் துண்டு போட்டால் போதும், தண்ணீர்த் தொட்டிகூட வேண்டாம். வறுத்து அரைத்தால் முட்டைக்கு ஈடான சத்து என்றார்கள். கோழிக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? கூண்டைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தட்டை அடுக்கினார்கள்.

ஆனால் புழுவாயிற்றே! வேலைக்கு வந்த ஆட்கள் தட்டுக்குள் நெளிவதைப் பார்த்ததும் மத்தியானத்துக்குள் ஓடிப்போனார்கள். மாவை வாங்கின கடைக்காரர்கள் திருப்பி அனுப்பினார்கள். பள்ளிக்கூடத்தில் முட்டைக்குப் பதிலாகப் புழுமாவு உப்புமா போட்டார்கள், பிள்ளைகள் தட்டோடு கவிழ்த்துவிட்டு எழுந்தார்கள். அப்புறம்தான் அந்தச் சொட்டு மருந்தைக் கண்டுபிடித்தார்கள். மூக்குத் துளைக்கு ரெண்டு சொட்டு, ஆயுசுக்கு ஒரே தரம். வாசம் தெரியும், ருசி தெரியும். அருவருப்பு மட்டும் அற்றுப்போகும். முதலில் பண்ணை ஆட்களுக்குப் போட்டார்கள், அப்புறம் ஊருக்கே போட்டார்கள். வேண்டாம் என்று சொன்னவர்களை மற்றவர்கள் ஏதோ சீமைப் பிறவியைப் பார்ப்பதுபோலப் பார்த்ததில், அவர்களும் கடைசியில் போட்டுக்கொண்டார்கள்.

தெய்வானைக்கும் போட்டார்கள். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. மறுபடி போட்டார்கள், மறுபடியும் கொட்டியது. இவள் உடம்பு இதை ஏற்றுக்கொள்ளாது என்று விட்டுவிட்டார்கள். விலங்கியல் படித்துவிட்டுப் புழு வளர்ப்புக்கென்று வேலைக்குச் சேர்ந்தவள், சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று பயந்தபடி வீட்டுக்குப் போனாள். ஆனால் அந்த மாதமே பண்ணையில் ஒரு லோடு மாவு அழுகி நாறிப்போய், அது நாறுகிறது என்பதே யாருக்கும் உறைக்காமல் சென்னை வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. பண்ணைக்காரர் சென்னியப்பன் அவள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். "அம்மிணி, நீங்கதான் இனி நம்ம பண்ணைக்கு மூக்கு" என்றார். அன்றிலிருந்து அவளுக்கு மூக்கம்மா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

அவளுக்கும் அதில் பெருமைதான், பொய் சொல்வானேன். ஆனால் வேறொன்று அவளை அரித்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் ஒருவன் தன் தகப்பனாரைக் கன்னத்தில் அறைந்தான். கிழவர் வேட்டி அவிழ்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். முன்பென்றால் நாலு பேர், "சீ, நீயெல்லாம் ஒரு மனுசனா?" என்று காறித் துப்பியிருப்பார்கள். அன்றைக்கு எல்லாரும் கடலை கொறித்துக்கொண்டே பார்த்தார்கள். பாவம் என்று ஒருத்தி கிழவரைத் தூக்கிவிட்டாள், அது உண்மை. ஆனால் அடித்தவனை யாரும் ஒரு பார்வை பார்க்கவில்லை. அவன் பக்கத்திலேயே நின்று டீ குடித்தான், டீக்கடைக்காரர் சிரித்த முகமாக ஊற்றிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். வெள்ளியங்கிரி சாதுவான ஆள், யார் மேலும் கை நீட்டாதவன், அதே பண்ணையில் தீவனப் பிரிவில் வேலை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்கென்ன தெய்வான?" என்றான்.

"அதுக்கென்னவா? பெத்த அப்பன அடிக்கறான்!"

"தப்புத்தான். தப்பில்லீன்னு நான் சொன்னனா?"

அதுதான் விஷயம். தப்பு என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது, கேட்டால் ஒப்புக்கொள்ளவும் செய்தார்கள். ஆனால் யாருக்கும் உடம்பு கூசவில்லை. இரண்டும் ஒரே இடத்திலிருந்து வருகிறது போல என்று தெய்வானைக்கு அன்றைக்குத்தான் தோன்றியது. அழுகல் மாவைத் தள்ளச் சொல்கிற அதே வயிறுதான் அடித்தவனையும் தள்ளச் சொல்கிறது.

அதனால்தான் நாலாவது படிக்கிற மகள் நிறைமதிக்குச் சொட்டு போடப் பள்ளிக்கூடத்தில் கேட்டபோது ஒரே பிடியாக முடியாது என்றாள். உப்புமா வேண்டாம், நான் சோறு கட்டி அனுப்புகிறேன் என்றாள். வகுப்பிலேயே சொட்டு போடாத பிள்ளை இவள் ஒருத்திதான். என்ன போனாலும் என் பிள்ளைக்கு இது மட்டும் போகக்கூடாது என்று தெய்வானை வைராக்கியமாக இருந்தாள்.

நிறைமதியும் அம்மாவுக்குத் தப்பாமல் பிறந்தவள் என்றுதான் இருந்தாள். அந்த வெள்ளிக்கிழமை காலை சட்னியில் ஒரு தலைமயிர் கிடந்தது. வெள்ளியங்கிரி அதை எடுத்து இலை ஓரத்தில்கூடப் போடவில்லை, அப்படியே தோசையோடு சுருட்டினான். தெய்வானை முகத்தைச் சுளித்தாள். நிறைமதி அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், உடனே மூக்கை விடைத்து, நாக்கை வெளியே நீட்டி, தோளைக் குலுக்கினாள்.

"உவ்வே! சீ, அப்பா! மயிரு!"

தெய்வானை வாய்விட்டுச் சிரித்தாள். மகளை இழுத்து உச்சியில் ஒரு முத்தம் வைத்தாள். அந்த ஊரிலேயே அந்தச் சத்தம் கேட்கிற ஒரே வீடு தன் வீடுதான் என்று அவளுக்கு ஒரு கர்வம். அதைக் கேட்பதற்காகவே சில நாள் வேண்டுமென்றே கரப்பான் பூச்சியைக் காட்டுவாள், குப்பைக் கூடையைத் திறந்து காட்டுவாள். பிள்ளை ஒவ்வொரு தடவையும் ஒரு குலுக்கல் கூடுதலாகக் குலுக்கும்.

"இன்னைக்கும் சாயங்காலம் வெளியிலயே குளிச்சிட்டு உள்ள வாங்க" என்று புருஷனிடம் சொன்னாள். "ரெண்டு மூணு மாசமாவே உங்க மேல ஒரு நாத்தம். பழைய முட்ட அழுகுனாப்புல."

"ஷெட்டு வாசமா இருக்கும்" என்றான் அவன். தெய்வானையும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

பண்ணைக்குப் போனதும் சென்னியப்பன் வாசலிலேயே மடக்கிக்கொண்டார். வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி, முகமெல்லாம் பல்லாக நின்றார்.

"அம்மிணி, நாலாவது ஷெட்டப் பாத்தீங்களா? புழு ஒவ்வொண்ணும் என்ர சுண்டுவெரல் தண்டிக்கு இருக்குது! திங்கறது கொஞ்சம், ஏறுற எடை ஏகம். கோழி வளத்த காலத்துலகூட இப்புடி ஒரு கணக்கு நமக்கு வந்ததில்ல."

கோழிக்காரர்களுக்கு எப்போதும் இது ஒன்றுதான் கேள்வி. தீவனம் எவ்வளவு போட்டோம், எடை எவ்வளவு ஏறியது. மற்றதெல்லாம் அப்புறம்தான்.

"புழு பெருத்திருக்குதுங்ணா, சரி. வண்டு முட்டை வெக்குதுங்களா?"

"அதத்தான் உங்களக் கேக்கலாம்னு நிக்கறன். ராப்பகலா லைட்டு போட்டும் வெக்க மாட்டீங்குது."

"மறுக்காவும் லைட்டா? இது கோழியில்லீங்ணா, வண்டு! இருட்டுலதான் முட்டை வெக்கும்னு எத்தன தடவ சொல்றது?"

"பழக்க தோசம் அம்மிணி" என்று தலையைச் சொறிந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வராது. நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும்.

நாலாவது ஷெட்டுக்குள் நுழைந்ததும் தெய்வானை முதலில் வண்டுத் தட்டைத்தான் இழுத்தாள். சலித்துப் பார்த்தாள். முட்டை இல்லாமலில்லை, ஆனால் பாதிக்குமேல் வெறும் தோல். வண்டுகள் தாம் போட்ட முட்டையைத் தாமே உறிஞ்சிவிட்டிருந்தன. அடுத்த தட்டில் கூட்டுப்புழுக்கள் கிடந்தன. வெள்ளை வெளேரென்று கையும் காலும் அசைக்க முடியாமல் கிடக்கிற அவற்றின் வயிற்றைப் பெரிய புழுக்கள் குடைந்து தலையை உள்ளே விட்டிருந்தன. ஒரு கூட்டுப்புழு இன்னும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"தாகமுங்ணா" என்றாள். "இதுங்களுக்குத் தீனி இருந்தா மட்டும் பத்தாது, ஈரம் வேணும். ஈரம் இல்லீன்னா ஒண்ணையொண்ணு திங்கும். அதும் இப்புடி நெருக்கித் திணிச்சு வெச்சா கேக்கவே வேண்டாம். கேரட்டு எங்கீங்க?"

"கேரட்ட நிறுத்திப்போட்டம். ஈரம் பட்டா தவுட்டுல பூஞ்சை புடிக்குது."

"வெறுந்தவுடு அத்தன சீக்கிரம் பூஞ்சை புடிக்காதே. தவுட்டுல என்னத்தக் கலந்தீங்க?"

"குழித்தூளுங்க" என்றார் சென்னியப்பன், உப்புப் போட்டேன் என்று சொல்கிற மாதிரி.

"என்ன குழி?"

"நம்ம பொறத்தால இருக்குதே, கோழிக்குழி. அத்தன சத்தும் மண்ணுல வீணாத்தான கெடக்குது. தோண்டி, காயவெச்சு, மிசின்ல போட்டு அரைச்சுத் தவுட்டோட கலக்கறம். கறியும் எலும்பும் சேந்த சத்தல்ல? அதான் புழு இந்தப் போடு போடுது."

தெய்வானை தட்டை மூக்குக்கு அருகே கொண்டுபோனாள். ஒரு மாதமாக இந்த ஷெட்டுத் தட்டு மட்டும் அவள் முன்னால் வரவில்லை, புழு இன்னும் முற்றவில்லை போல என்று இருந்துவிட்டாள். போன மாதம்வரை இங்கே தவிட்டு வாசமும் லேசான புளிப்பும்தான் இருக்கும். இப்போது அடியில் வேறு ஒன்று இருந்தது. அழுகி, உலர்ந்து, சுண்ணாம்பு பூத்த ஏதோ ஒன்று. தட்டைப் போட்டுவிட்டு ஷெட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு காலையில் தின்ற தோசை மொத்தத்தையும் கக்கினாள். கக்கி முடித்து வாயைத் துடைக்கிறபோதுதான் அந்த வாசம் எங்கே பழக்கம் என்று அவளுக்குப் புரிந்தது. தினமும் சாயங்காலம் வெள்ளியங்கிரி மேலிருந்து வருகிற வாசம் அதுதான்.

பண்ணைக்குப் பின்னால் ஓடினாள். வேலிக்கு அப்பால் குழியைப் பாதிக்குமேல் தோண்டிவிட்டிருந்தார்கள். கறுத்துப்போன சாக்குகள் கிழிந்து கிடந்தன. இறகு மண்ணோடு ஒட்டிக் கட்டி கட்டியாக இருந்தது. சுண்ணாம்பு படாத அடியில் இன்னும் முழுசாகக் கொழகொழவென்று ஏதோ மினுமினுத்தது, அதன்மேல் ஈ மொய்த்தது. நடுவில் முழங்கால் வரைக்கும் இறங்கி நின்று, வெறுங்கையால் அள்ளிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான் வெள்ளியங்கிரி. கரையில் அவன் சாப்பாட்டுத் தூக்கு திறந்தபடி இருந்தது. அவள் காலையில் கட்டிக்கொடுத்த தோசையைத் தின்றுகொண்டே வேலை செய்திருக்கிறான்.

"என்ன தெய்வான, இந்தப் பக்கம்?" என்று முகம் மலரக் கேட்டான்.

"நீங்களா? எத்தன நாளா?"

"பொங்கல் முடிஞ்சதுமே ஆரம்பிச்சாச்சு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"நீ கேக்கலியே" என்றான். கள்ளமில்லாமல் சொன்னான். "சொல்லக்கூடாதுன்னு ஒண்ணுமில்ல. மண்வெட்டுறதச் சொல்லணும்னு தோணுமா, அது மாதிரித்தான்."

அவளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது. யாரும் எதையும் மறைக்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பார்கள். குழி தோண்டினவன், காயவைத்தவள், அரைத்தவன், லாரியில் ஏற்றினவன் என்று அத்தனை பேரும் நல்லவர்கள், அத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளும் அதே மாவைத்தான் தின்றன. ஒரே ஓர் ஆள் 'உவ்வே' என்று பின்வாங்கியிருந்தால் இந்தக் குழியை யாரும் திறந்திருக்க மாட்டார்கள். இந்தக் கையோடு இவன் வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டியிருக்கிறான் என்ற நினைப்பு வந்ததும் அவள் மறுபடி குனிந்து வெறும் பித்தத்தைக் கக்கினாள்.

சென்னியப்பன் பின்னாலேயே வந்து சொம்பில் தண்ணீர் கொடுத்தார்.

"இந்தாங்க, வாயக் கொப்புளிங்க. வெசனப்படாதீங்க அம்மிணி. பரிசோதனைக்கு அனுப்பிச்சுப்போட்டுத்தான் கலக்கவே ஆரம்பிச்சம். கிருமி ஒண்ணுமில்லீன்னு வந்துருச்சு, அதான் இந்த ஷெட்டுத் தட்ட உங்க முன்னால கொண்டாரல. காய்ச்சல்ல செத்த கோழிதான், ஆனா அந்தச் சூட்டுல வறுத்தா என்னங்க உசுரோட இருக்கும்?"

"கிருமி இல்லீன்னா ஆச்சுங்களா?"

"வேறென்ன வேணும்?"

தெய்வானை வாயைக் கொப்புளித்துத் துப்பினாள். பிறவிக் குருடனிடம் சிவப்பு எப்படி இருக்கும் என்று சொல்லச் சொன்னால் எப்படிச் சொல்வது?

"நாலாவது ஷெட்டுச் சரக்கு எனக்குக் குமட்டிருச்சு" என்றாள் கடைசியில். "உரத்துக்கு அனுப்புங்க. அதான நம்ம பேச்சு?"

சென்னியப்பன் முதல் தடவையாகச் சிரிப்பை நிறுத்தினார். நிஜமாகவே யோசித்தார். "பேச்சு அதுதான். ஆனா ரோசன பண்ணிப் பாருங்க. அது பள்ளிக்கூடத்துச் சரக்கு. மாவு கெட்டுப்போகல, பரிசோதனை சரியா இருக்குது, தின்னவங்களுக்கு ஒண்ணும் ஆகல. இந்த ஊர்ல உங்க ஒருத்தருக்கு மட்டுந்தான் அது ஆவாதுங்குது. அப்ப கோளாறு மாவுலயா இருக்குது, இல்ல உங்ககிட்டயா?"

"இதுவரைக்கும் என்ர மூக்க நம்பித்தானுங்ணா லாரி போச்சு."

"ஆமா. அழுகுனதக் கண்டுபுடிக்கறதுக்கு. இது அழுகலயே, சத்து." பிறகு இரக்கத்தோடு சொன்னார்: "ஓய்வெடுத்துக்கங்க. இனிமே மூக்கு இல்லாமயே பாத்துக்கறம். அதுக்கும் இப்ப மிசின் வந்துருச்சு."

லாரி அவள் கண்ணெதிரில் கிளம்பிற்று. மூட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்த ஆட்கள் அவளைப் பார்த்து அன்பாகக் கையாட்டினார்கள்.

தெய்வானை நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து உப்புமாவை வழித்துத் தின்றுகொண்டிருந்தன. ஒரு பிள்ளைகூடச் சிந்தவில்லை, அழவில்லை. வகுப்பு டீச்சரைப் பிடித்து மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். குழி, சாக்கு, இறகு, ஈ என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

டீச்சர் பொறுமையாகக் கேட்டாள். "வறுத்துத்தானுங்க அரைக்கறாங்க?"

"ஆமா, ஆனா..."

"அப்பறம் என்னக்கா?" என்றாள் டீச்சர், தன் கிண்ணத்திலிருந்து ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டே.

தெய்வானை மகளின் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் கையைப் பிடித்து வெளியே வந்தாள். ஊரைப் பற்றின கவலையெல்லாம் அந்த நடையிலேயே கழன்றுவிட்டது. இந்த ஒன்றையாவது நான் காப்பாற்றி வைத்திருக்கிறேன் என்ற ஒரே நினைப்புத்தான். வீட்டை விற்றுவிட்டாவது எங்காவது போய்விட வேண்டும், குமட்டுகிறவர்கள் இன்னும் எங்கேயாவது நாலு பேர் இருக்கத்தான் செய்வார்கள். நாளைக்கே அண்ணனுக்குப் போன் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து அழுதாள். கண் வறண்டு, முகம் மரத்துப்போகும் வரைக்கும் அழுதாள். நிறைமதி பக்கத்தில் சப்பணம் கொட்டி உட்கார்ந்து அம்மாவின் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா அழுகற?"

மறைக்க வேண்டாம் என்று தெய்வானைக்குத் தோன்றியது. இந்த ஊரில் இதைச் சொன்னால் புரிந்துகொள்ள வேறு யார் இருக்கிறார்கள்? சொன்னாள். அழுது ஓய்ந்த குரலில், எங்கேயோ பார்த்துக்கொண்டு, உணர்ச்சியே இல்லாமல் சொன்னாள். கோழிக் காய்ச்சல் வந்த கதை, குழியில் போட்டு மூடினது, அதைத் தோண்டி அரைத்துப் புழுவுக்குப் போட்டது, அந்தப் புழுவை அரைத்துப் பிள்ளைகளுக்குப் போட்டது. அப்பா வெறுங்கையால் அள்ளினது. பக்கத்திலேயே தூக்கைத் திறந்து வைத்துத் தோசை தின்றது.

சொல்லி முடித்துவிட்டுக் காத்திருந்தாள். அந்தச் சத்தத்துக்காகத்தான் காத்திருந்தாள். வரவில்லை.

திரும்பிப் பார்த்தாள். நிறைமதி அவள் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். நெற்றியில், மூக்கில், உதட்டோரத்தில் என்று பிள்ளையின் கண் எதையோ தேடித் தேடி அலைந்தது.

"அம்மா" என்றாள் மெல்ல. "இதுக்கு உவ்வே சொல்லோணுமா?"

தெய்வானைக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன கண்ணு கேக்கற?"

"இல்ல, நீ மூஞ்சிய ஒண்ணும் பண்ணல. அதான் எனக்குத் தெரியல."

தெய்வானை மகளின் இரண்டு தோளையும் பற்றினாள். "உனக்குச் சொட்டு போட்டாங்களா?"

நிறைமதி தலையைக் குனிந்துகொண்டாள். "அரைப் பரீட்ச லீவு முடிஞ்சு போனன்ல, அன்னைக்கே. எல்லாரும் உப்புமா திங்கறாங்க, நான் மட்டும் தனியா உக்காந்து சோறு திங்கறனாம்மா, என்னயக் கேலி பண்ணாங்க. அப்பாவுக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. அப்பா சரின்னுட்டாரு."

"அன்னைக்கிருந்து உனக்கு ஒண்ணுமே..."

"ஒண்ணுமே இல்லம்மா."

"அப்ப தலமயிரு? கரப்பான்? காலையிலகூட உவ்வேன்னியே!"

"நீ மூக்கச் சுருக்குவீல்ல, அதப் பாத்துட்டு நானும் பண்ணுவன்." பிள்ளையின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. "நான் உவ்வேன்னா நீ சிரிப்பீம்மா. முத்தம் குடுப்ப. அதான்."

தெய்வானை அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அடிக்கத் தோன்றவில்லை, அழவும் மிச்சமில்லை. இத்தனை மாதமாக இந்த வீட்டில் கேட்ட அத்தனை 'சீ'யும் தனக்காகப் போட்ட வேஷம் என்று நினைத்தபோது அவளை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள். ஒன்பது வயசுப் பிள்ளை, அம்மாவின் முகத்தைப் பாடம் படிக்கிற மாதிரிப் படித்திருக்கிறது.

"கோவமாம்மா?"

"இல்ல சாமி."

"எதுக்கெல்லாம் சீ சொல்லோணும்னு நீ சொல்லிக்குடு. நான் மனப்பாடம் பண்ணிக்கறன். எங்க கிளாஸ்ல எனக்குத்தான் வாய்ப்பாடு எல்லாம் சீக்கிரம் வரும்."

அப்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. வெள்ளியங்கிரி வந்துவிட்டான். பெண்டாட்டி கக்கினதைப் பார்த்துப் பதறி, பாதி வேலையில் ஓடி வந்திருக்கிறான் போல. குளிக்கவில்லை. முழங்கை வரைக்கும் கறுப்பாக உலர்ந்து கிடந்தது, விரலிடுக்கில் ஓர் இறகுத் துணுக்கு ஒட்டியிருந்தது. மகள் வீட்டில் இருப்பதைக் கண்டதும் அவன் முகம் பூத்தது.

"தங்கம், நேரத்துலயே வந்துட்டியா? வா, வா" என்று இரண்டு கையையும் விரித்தான்.

நிறைமதி எழுந்தாள். ஆனால் ஓடவில்லை. அப்பாவின் கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி நின்று அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை தப்பாகிவிடக்கூடாது என்ற கவனத்தோடு பார்த்தாள்.

தெய்வானைக்கு அடிவயிற்றிலிருந்து கிளம்பிவிட்டது. பல்லைக் கடித்து அதைத் தொண்டையிலேயே நிறுத்தினாள். தான் இப்போது முகத்தை எப்படி வைத்துக்கொள்கிறோமோ, அப்படித்தான் இந்தப் பிள்ளை தன் அப்பனை ஆயுசு முழுக்கப் பார்க்கும் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்துபோய் வாளியிலிருந்து சொம்பில் தண்ணீர் மொண்டாள், சோப்பை எடுத்தாள்.

"இப்படி வாங்க, கை கழுவலாம்" என்றாள்.

வாசற்படியில் உட்காரவைத்து அவன் கையைத் தன் கையிலெடுத்துத் தேய்த்தாள். கறுப்பாக நுரைத்து வழிந்தது. அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது, ஆனாலும் விடாமல் ஒவ்வொரு விரலாகத் தேய்த்தாள். அவன் பிள்ளையைப்போல உட்கார்ந்திருந்தான். என்னவென்று புரியாவிட்டாலும் அவள் மனசு சரியில்லை என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

"தெய்வான, நான் ஏதாச்சும் தப்புப் பண்ணிட்டனா?" என்று கேட்டான்.

நிறைமதி பக்கத்தில் வந்து குந்திக்கொண்டாள். வழிகிற நுரையையும் அம்மாவின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா சீயாம்மா?"

"சேச்சே. அப்பா இல்ல கண்ணு. அப்பா பண்ணுன வேல."

நிறைமதி உதட்டுக்குள்ளேயே அதை ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அப்பா இல்ல, அப்பா பண்ணுன வேல. பிறகு நெற்றி சுருங்கியது.

"அது ரெண்டும் தனித்தனின்னு எப்புடிம்மா தெரியும்?"

வயிறே சொல்லும் என்று சொல்லத்தான் தெய்வானை வாயெடுத்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள். சொம்பிலிருந்த மிச்சத் தண்ணீரைப் புருஷனின் கையில் ஊற்றினாள்.